கூண்டுக்குள் ஓர் அமானிதம்



பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, இகுவானா போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

"மார்க்கம் தடுக்காததை அரசு ஏன் தடுக்கிறது?" என்று கேட்கலாம். சிறுவர் அபூ உமைர் (ரலி) குருவி வளர்த்ததை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் தாய்ப்பறவை தவிக்கக் கண்டு, எடுத்த குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அவர்கள்தாம்.

ஆகவே வளர்க்கலாமா என்பதோடு கேள்வி முடியவில்லை. அது எப்படி நம் கைக்கு வந்தது? பெட்டிக்குள் அடைத்துக் கடத்தப்படும் உயிர்கள் வழியிலேயே மடிகின்றன. வாங்குபவர் இருப்பதால்தான் பிடிப்பவர் இருக்கிறார். பதிவுச் சான்றைக் கேளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டும் உள்ளத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.