ஆர்கன் கலைஞர் கண்ட கோள்

1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்திலும் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அதைப் பதிவுசெய்தார்கள். அக்கோளுக்கு வளையங்கள் உண்டென்று தெரியவந்த நிகழ்வு அது. 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் வானியல் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். இங்கிலாந்தின் பாத் நகரில் ஆக்டகன் தேவாலயத்து ஆர்கன் கலைஞர், இசை ஆசிரியர், 24 சிம்பொனிகள் எழுதியவர்.

இசையும் வானியலும் ஒரே ஆளிடம் சேர்ந்தது தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ராபர்ட் ஸ்மித்தின் சுருதிக் கணித நூலைப் படித்த ஹெர்ஷல், அதே ஆசிரியரின் ஒளியியல் நூலுக்குப் போனார். பிறகுதான் உலோக ஆடிகளைத் தானே தேய்க்கத் தொடங்கினார். அதற்கான செலவையும் இசை வருமானமே தாங்கியது. 1782இல் மன்னர் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு தந்ததும் இசைத்தொழிலை விட்டாரே, அப்படியானால் அது வெறும் பிழைப்புதானே என்று கேட்கலாம். பிழைப்புக்காக மட்டும் வாசிப்பவர் சுருதிக் கணிதத்தைத் தேடிப் படிப்பதில்லை. இசையாசிரியர்கள் எல்லாரும் கோள் கண்டுபிடிக்கப் போவதில்லை, உண்மைதான். ஆனாலும் தேர்வு நெருங்கியதும் பாட்டு வகுப்பைக் கணக்குக்குத் தாரைவார்க்கும் தலைமையாசிரியர்கள், கணக்கின் பெயரால் அதைச் செய்ய வேண்டாம்.