ஓடமும் பாலமும்

பழையவை எல்லாம் நல்லவை என்று நம்புகிறவர்கள் உண்டு. பழையவை எல்லாம் கழிக்கத்தக்கவை என்று சொல்கிறவர்களும் உண்டு. இரு சாராரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டினால் என்ன ஆகும்? அரியலூரில் ஒரு நண்பர் வீட்டில் அண்மையில் அப்படித்தான் நடந்தது.

கம்ப்யூட்டர் திரையில் ஓடிய அந்தப் படம் நாலு நிமிஷத்துக்கு மேல் இல்லை. வசனமும் கிடையாது, சங்கீதமும் கிடையாது. அமெரிக்காவில் ஈரி ஏரி என்று கடல்போல் பரந்த ஓர் ஏரி இருக்கிறது. அதற்குள் தீவுகள், தீவுகளில் ஊர்கள். அங்கே மனிதர்களையும் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகுகளை, உல்லாசப் பிரயாணம் போன யாரோ ஒருவர் தம் கைக் காமிராவில் எடுத்திருக்கிறார். படகின் பலகை இறங்குகிறது. ஒரு கார் தயங்கித் தயங்கி ஏறுகிறது. ஒரு பெண் காற்றில் பறக்கப் பார்க்கும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவுதான் படம்.

முடிந்ததும் நண்பரின் சிற்றப்பா பெருமூச்சு விட்டார். "நம் கொள்ளிடத்திலும் ஓடம் இருந்ததே! என்ன அழகு! பாலங்கள் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன" என்றார்.

காபி கொண்டுவந்த நண்பரின் மனைவி கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டில் பிறந்து வளர்ந்தவர். டம்ளரை அவரிடம் நீட்டியபடியே, "நீங்க இந்தக் கரையிலே இருந்தவங்க மாமா. அதான் உங்களுக்கு ஓடம் அழகாத் தெரியுது" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் என்னை விடவே இல்லை.

அமெச்சூர் சினிமா எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வீட்டில் வைத்துப் பழகத்தக்க 16 மில்லிமீட்டர் காமிராவைக் கோடக் கம்பெனி 1923-ல் கொண்டுவந்தது. இன்னும் மலிவான 8 மில்லிமீட்டர் 1932-ல் வந்தது. ஒரு சுருள் சுமார் நாலு நிமிஷம்தான் ஓடும். சுருளுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு. அந்தக் காலத்துப் பிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் ஒன்றும் பதியாது. இத்தனை சிக்கனத்துக்கு நடுவே, அடைமழையையும் நடு இரவையும் யார் எடுப்பார்கள்? ஆகவேதான் பழைய படங்களில் வரும் படகுகள் எல்லாம் வெயிலிலேயே மிதக்கின்றன. காமிரா பொய் சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் அது உறைக்குள் போய்விட்டது. படகு மட்டும் அங்கேயே இருந்தது.

எடுத்தவன் யார் என்பதும் முக்கியம். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்கள் எடுத்த இத்தகைய படங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மையத்தில் இருப்பது குடும்பம். வேலை செய்தவர்கள் ஓரத்தில் வந்து போகிறார்கள். ஏரிப் படத்திலும் அப்படித்தான். பலகையை இறக்கிய கை தெரிந்தது. கைக்குரியவனின் முகம் தெரியவில்லை.

இப்போது நம் கொள்ளிடத்துக்கு வருவோம். காவிரியின் வெள்ளத்தை முக்கொம்பில் வாங்கிக்கொண்டு கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. மேட்டூர் நிரம்பி வழிந்தால், காவிரியைவிடக் கொள்ளிடத்துக்குத்தான் சுமை அதிகம். அரியலூர் மாவட்டத்து மேலராமநல்லூர் அந்த ஆற்றின் நடுவே தீவாக இருக்கும் ஊர். வெள்ளம் புரளும் இரவில் இத்தகைய திட்டில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால், அக்கரை எத்தனை மைல் தூரம் என்று யாரால் கணக்கிட முடியும்? அதைப் படம் எடுத்தவர் யாரும் இல்லை. வேடிக்கை பார்க்க ஒரு முறை கடப்பவனுக்கு ஓடம் ஓர் அனுபவம். தினம் கடக்கிறவனுக்கு அது விதி.

அப்படியானால் பாலம்தான் தர்மமா? அவ்வளவு சுலபமாகவும் சொல்லிவிட முடியாது. அரியலூருக்கு இது தெரியும். 1956 நவம்பர் 23 அன்று, மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே நவம்பர் 23-ல், 2021-ஆம் ஆண்டு, இலங்கையில் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் ஒரு படகு கவிழ்ந்து பள்ளிக் குழந்தைகள் உள்ளிட்டோர் இறந்தார்கள். அங்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்; முடியும் வரைக்கும் என்று விட்ட படகு அது. ஒரு தேதி பாலத்தையும் காட்டுகிறது, படகையும் காட்டுகிறது. கடக்கிறவனின் உயிரை யாராவது தம் பொறுப்பு என்று எண்ணாதவரை, மரமும் ஒன்றுதான், இரும்பும் ஒன்றுதான்.

பெரியவரின் பெருமூச்சு வெறும் மயக்கம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் இழந்தது ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் 'பாதை' என்றே அழைக்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான சொல்! அந்தப் பாதையில் காரில் வந்தவரும் கூடைக்காரியும் ஒரே பலகையில்தான் நிற்க வேண்டும். ஒரே நேரத்தில்தான் கரை சேர வேண்டும். பணம் இருப்பதால் ஒருவர் முன்னால் போய்விட முடியாது. கயிற்றை அவிழ்க்குமுன் ஓடக்காரன், "இன்னும் யாராவது உண்டா?" என்று கரையைத் திரும்பிப் பார்ப்பான். பாலத்தில் விரைகிறவனுக்குத் திரும்பிப் பார்க்கும் அவசியமே இல்லை.

பழமைக்கு ஏங்குவது குற்றமல்ல. ஆனால் அது திரும்ப வேண்டும் என்று கேட்கும் முன், அந்த நாளில் நாம் எந்தக் கரையில் நின்றோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நியாயம். திட்டில் இருந்தவர்களுக்குப் பாலம் வேண்டும்; அதை மறுக்க வெயிலில் எடுத்த நாலு நிமிஷப் படம் போதாது. பாலம் கட்டியபின், ஓடக்காரன் திரும்பிப் பார்த்தானே, அந்தப் பார்வையை மட்டும் நாம் தொலைத்துவிடக் கூடாது. கடைசி பஸ்ஸை எடுக்கும் டிரைவர், இருட்டில் மூட்டையுடன் ஓடிவரும் கிழவிக்காக அரை நிமிஷம் நிறுத்துகிறாரே, அந்த அரை நிமிஷத்தில் எனக்கு ஓடக்காரன் தெரிகிறான்.