அந்தக் குதிரை ஆற்றை?

பாலை மரத்தில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. கரியரில் உரப்பை, அதைச் சுற்றி ரியூப் வார். சொந்தக்காரனைச் சற்று முன்னர்தான் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. தோட்டக் கிணற்றடியில் தண்ணிப் பம்பைக் கழற்றும்போது பிடிபட்ட பொடியன். பொலிஸ் வருமுன்பே ஊர் தன் தீர்ப்பை அடித்து முடித்துவிட்டது. நான் அடிக்கவில்லை. தடுக்கவுமில்லை. சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நினைவில் வந்து நின்றது பொடியன்கூட இல்லை, ஒரு குதிரை.

தொண்ணூறுகளில் தர்மபுரத்தில் கரண்ட் கிடையாது. பொருளாதாரத் தடைக்காலம். நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஜெனரேட்டர், வாடகை டெக், முற்றத்தில் பாய். ஒருநாள் ஜெய்சங்கர் படம். 'கங்கா'வா 'ஜக்கம்மா'வா என்று இப்போது குழம்புகிறது. இரண்டும் 1972இல் இயக்குநர் கர்ணன் எடுத்தவை, இரண்டிலும் தொப்பியும் துவக்கும்தான். சூடுபட்டு ஒருத்தன் விழுந்தான். நாங்கள் விசிலடித்தோம். அம்மம்மா மட்டும், "அப்ப அந்தக் குதிரை ஆற்றை?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. படமும் சொல்லவில்லை. காசில்லாத படம் குதிரைக்குப் பின்னால் எப்படிப் போகும்? அடுத்த காட்சியில் அதே குதிரை வேறொருத்தனைச் சுமக்க வேண்டுமே!

சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் கௌபோய் டெக்ஸ் வில்லரும் அப்படித்தான், பதில் சொன்னதில்லை. கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும்போது கடைசிப் பக்கங்கள் இருக்காது. தூக்குமரத்தடியில் நின்றவன் குற்றவாளியோ இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் கௌபோய் வகைப் படங்களுக்கு உலகம் முழுக்கச் சந்தை திறந்துவிட்ட இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனியின் கதை இன்னும் வேடிக்கை. 1964இல் அவர் ஸ்பெயினின் வறண்ட மண்ணை மெக்சிக்கோ எல்லையாக்கி எடுத்த படத்தின் கதை, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'யொஜிம்போ'விலிருந்து கேட்காமல் எடுத்தது. ஜப்பான்காரர் வழக்குப் போட்டார்கள். படம் எடுத்தவர்கள் வருமானத்தில் பங்கு கொடுத்துத்தான் தீர்த்தார்கள். கள்ளரைச் சுடும் படத்தின் கதையே களவு. அதை யாரும் மரத்தில் கட்டவில்லை.

எங்கோ போகிறேன். சைக்கிளுக்கு வருகிறேன்.

2009 தை மாதம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனபோது, எங்கள் சைக்கிளையும் காற்றுப் போன இடத்தில் ஒரு மரத்தில் சாத்திவிட்டுத்தான் நடந்தோம். திரும்பி வந்தபின் பற்றைக்குள் கிடந்த ஒன்றை எடுத்துத் துடைத்து, ரயர் மாற்றி, நாலு வருசம் ஓடினேன். ஹாண்டிலில் யாரோ ஒரு பிள்ளை சுற்றிய சிவப்பு வயர் இருந்தது. கழற்ற மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்க ஆளைத் தேடவுமில்லை.

அப்படிப்பட்ட நான் அந்தப் பொடியனுக்காக வாய் திறந்திருக்க வேண்டுமா, திறக்காமல் விட்டதுதான் ஒழுங்கா? பம்ப் போனால் ஒரு குடும்பத்தின் வெங்காயம் முழுக்கக் கருகும், அதுவும் தெரியும். யோசிக்க யோசிக்க ஒரு பக்கமும் நிற்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பாலை மரத்தடியில் சைக்கிள் இல்லை. ஆர் எடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.