ஃபுல்லா வை

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை டிவியில் போட்டால் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ரெண்டு பக்கமும் ஏன் கறுப்பா இருக்கு? ஃபுல்லா வை." இந்தச் சாதாரணக் கோரிக்கைக்குள் ஓர் அறக்கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-ல் வந்தது. அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் பெரும்பாலும் ஏறக்குறைய 4:3. இன்றைய டிவி 16:9. 1920 × 1080 திரையில் அந்தப் படம் 1440 பிக்சல் அகலத்துக்குத்தான் வரும். மிச்சம் 480, அதாவது திரையில் கால்வாசி, சும்மா கிடக்கும். காசு கொடுத்து வாங்கின திரை ஆச்சே!

நிரப்ப இரண்டு வழிகள். இழுக்கலாம், அல்லது வெட்டலாம்.

பிக்சல் எப்போதும் சதுரம் என்று நினைக்கிறோம். இன்றைய தட்டைத் திரைகளில் அப்படித்தான். ஆனால் பால் முறை டிவிடியில் 4:3 படமும் சரி, 16:9 படமும் சரி, அதே 720 × 576 புள்ளிகள்தான். எந்த அகலத்துக்கு விரிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு குறிப்பு தனியாகச் சொல்லும். அதை மதிக்காமல் திரை முழுக்க இழுத்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். நிலா முட்டையாகும்.

வெட்டினால் முகம் சரியாக இருக்கும், உயரத்தில் கால்வாசி போய்விடும். 2019-ல் டிஸ்னி ப்ளஸ் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் பழைய பகுதிகளை இப்படித்தான் காட்டியது. அதில் ஒரு பீர் ஆலைக் காட்சி. மூன்று தொட்டிகள், மூன்று வகை பீர். மூன்றும் நிரம்புவது மேலே போகும் ஒரே குழாயிலிருந்து. ஜோக்கே அந்தக் குழாய்தான். வெட்டியதில் குழாய் போய்விட்டது. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு, 2020-ல் பழைய சட்டகமும் கிடைத்தது.

இரண்டில் எது பெரிய பொய்? இழுப்பதுதான் கண்ணை உறுத்தும். ஆனால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். எதையும் ஒளிக்கவில்லை, திரும்பச் சுருக்கினால் சரியாகிவிடும். வெட்டிய படத்தில் இருப்பதெல்லாம் உண்மை. காணாமல் போனதை முழுப்படம் பார்த்தவர் மட்டுமே அறிவார். முதல்முறை பார்ப்பவருக்குக் கேள்வி கேட்கக்கூட வழியில்லை. அதனால் வெட்டுவதே பெரிய பொய் என்பேன். எடுத்தவரே வெட்டச் சம்மதித்தால் அது வேறு கதை, சட்டகம் அவருடையது.

ஒருவர் பேசியதில் நமக்குத் தோதான நாலு வரியை மட்டும் பகிர்வதும் இதே வேலைதான். ஒரு சொல்லைக்கூட மாத்தலையே என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்தக் கறுப்புப் பட்டைகள் என்னிடம் சொல்வது இதுதான்: இந்தப் படம் உன் திரைக்காக எடுக்கப்பட்டதில்லை, உன் திரை வருவதற்கு முன்பே அது முழுசாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளக் கால்வாசித் திரை பெரிய விலையா என்ன?