ஐயத்தின் பாரம் யார் தோளில்?

குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட மருத்துவரிடம் நோயாளிகளை மீண்டும் ஒப்படைக்கலாமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா கண்ட விடை, பெரும்பாலான மாநிலங்களில் இயங்கும் மருத்துவர் நலத் திட்டங்கள். மருத்துவர் பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். இன்று தனக்குச் சோதனை உண்டா என்று நாள்தோறும் விசாரித்து, அழைப்பு வந்தால் அன்றே சிறுநீர் கொடுக்கிறார். 16 மாநிலங்களில் 904 மருத்துவர்களைப் பற்றி 2008-இல் வெளிவந்த ஆய்வின்படி, ஐந்தாண்டு கழித்து, நிலை அறியப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் உரிமத்தோடு பணியில் இருந்தார்கள். கண்காணிப்பு பலரின் வாழ்வை மீட்டிருக்கிறது. அதையே கொடுமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

சிக்கல், சோதனை சொல்வதற்கும் நாம் அதிலிருந்து முடிவு கட்டுவதற்கும் இடையே இருக்கிறது. மதுசாரம் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். அதில் மிகச் சிறு பங்கு எத்தில் குளுக்குரோனைடு என்ற பொருளாக மாறி, சிறுநீரில் சில நாள் தங்கும். இதைத் தேடும் சோதனையின் கூர்மையே அதன் குறையும் ஆகிறது. குடித்த மதுவா, வாய் கொப்பளித்த மருந்தா, கையில் தேய்த்த சானிடைசரா என்று அதனால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் இருந்தாலே சில இடங்களில் ‘பாசிட்டிவ்’. 2011-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சானிடைசர் தேய்த்தவர்களில் ஒருவருக்கு அளவு 2,000-ஐத் தொட்டது. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்வது மருத்துவரின் கடமை. அந்தக் கடமையே அவருக்கு எதிரான சாட்சியாக மாறக்கூடும் என்றால், அந்தச் சாட்சியைத் தனியே நம்பக் கூடாது. போதைச் சிகிச்சைக்கான கூட்டரசு அமைப்பும் 2006-லேயே இதை எச்சரித்தது: இந்த ஒரு முடிவை மட்டும் வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்காதீர்கள் என்றது.

இருந்தும் ஓர் ஆய்வகத் தாள் ஒரு வாழ்வைப் புரட்டிவிடக்கூடும். வேலை நிற்கும். வாரக்கணக்கில் மதிப்பீடும் உள்நோயாளிச் சிகிச்சையும், பெரும்பாலும் சொந்தச் செலவில். மருத்துவ வாரியத்துக்குப் புகார் போகும். சக ஊழியர்களின் பார்வை மாறும். வீட்டில் கடன் ஏறும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. “நான் குடிக்கவில்லை” என்ற சொல்லே நோயின் அறிகுறியாகக் கொள்ளப்படலாம். ஒப்புக்கொண்டால் குற்றம், மறுத்தால் நோய். உண்மை பேசுபவர் நிற்க அங்கே இடமே இல்லை. வட கரோலினா மாநிலத் தணிக்கையாளர் 2014-இல் அங்குள்ள திட்டத்தை ஆராய்ந்தபோது அத்துமீறல் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால், நடந்தாலும் வெளியே தெரியாது, முறையிட நடுநிலையான வழி இல்லை என்பது தெரிந்தது.

எதிர்வாதம் வலிமையானது. மீண்டும் குடிக்கத் தொடங்கியவரும் சானிடைசரைத்தான் காரணம் காட்டுவார். அவரை நம்பி அறுவை அரங்கில் விட்டால் ஒரு நோயாளியின் உயிர் போகலாம். உயிரா உரிமமா என்று கேட்டால் உயிர்தான். ஆனால் இந்தத் தராசு முன்னெச்சரிக்கைக்கு மட்டுமே பொருந்தும். ஐயம் எழுந்ததும் மருத்துவரைச் சில நாள் பணியிலிருந்து விலக்கி வைப்பதால் நோயாளி காக்கப்படுகிறார். போதுமான சான்றில்லாமல் அவரைக் குற்றவாளியாக்குவதால் எந்த நோயாளிக்கும் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை. விலக்கி வைக்க ஐயம் போதும். தண்டிக்கச் சான்று வேண்டும்.

ஐயத்துக்கும் சான்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்ப வழிகள் உண்டு. சில வாரக் குடிப்பழக்கத்தைக் காட்டும் பாஸ்பாட்டிடைல் எத்தனால் இரத்தச் சோதனை, நேரடி மருத்துவப் பரிசோதனை, திட்டத்தோடு பணத் தொடர்பில்லாத வல்லுநர் குழு, மேல்முறையீடு. எதுவும் பிழையற்றதன்று, சேர்ந்து நின்றால் ஒன்றின் பிழையை மற்றது திருத்தும். விலக்கி வைக்கும் நாள்களின் இழப்பையும் மருத்துவர் மட்டும் சுமக்கக் கூடாது. அந்தப் பாதுகாப்பு சமூகத்துக்காக என்றால், அதன் விலையிலும் சமூகத்துக்குப் பங்குண்டு.

ஆய்வகத் தாளுக்கு அல்ல, நோயாளிக்குச் சிகிச்சை செய் என்பது மருத்துவக் கல்வியின் பாலபாடம். மருத்துவரே நோயாளியாகி நிற்கும்போது அந்தப் பாடம் அவருக்கு மறுக்கப்படக் கூடாது. சோதிக்கும் அதிகாரம் பெற்றவர், தன் சோதனையையே ஐயுறும் கடமையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.