மனிதன் காட்சிப் பொருளா?

பயணத் திட்டம் ஒன்று நம்முன் கிடக்கிறது. தீட்டியவர் ஓர் இளைஞர், படித்தவர், பகுத்தறிவாளர். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஆப்பிரிக்கா கண்டுவர விரும்புகிறார். "எப்படி இருக்கிறது?" என்று நம்மைக் கேட்டார். டான்சானியா நாட்டின் அருஷா நகரில் தொடங்குகிறது பயணம். மூன்றாம் நாள் காலை, மாசாய் சிற்றூர்: நடனம், குடிசை, நிழற்படம், ஒரு மணி நேரம். அதன்பின் மூன்று நாட்கள் கோரோங்கோரோ, செரெங்கெட்டி: சிங்கம், யானை, காண்டாமிருகம், வரிக்குதிரை. அதன்பின் மூன்று நாட்கள் சான்சிபார் கடற்கரை: வெண்மணல், நீலக்கடல், ஓய்வு.

அழகான திட்டந்தான். குறைகூற ஒன்றுமில்லை என்றே முதலில் எண்ணினோம். மீண்டும் ஒருமுறை படித்தோம். நெஞ்சில் முள் தைத்தது. மனிதன், விலங்கு, கடல் — மூன்றும் ஒரே பட்டியலில்! காணத்தக்கவை என்ற ஒரே தலைப்பின்கீழ்! சிங்கத்துக்கு மூன்று நாட்கள். கடலுக்கு மூன்று நாட்கள். மனிதனுக்கு ஒரு மணி நேரம்!

மனிதனை மனிதன் காட்சிப் பொருளாகக் காணலாமா? இந்தக் கேள்வியைத்தான் நாம் எழுப்ப விரும்புகிறோம். பொழுதுபோக்குப் பயணத்துக்கு இவ்வளவு பெரிய கேள்வி எதற்கு என்று சிரிப்பார் சிலர். சிரிப்பதற்குமுன் வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டட்டும்.

1810ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து சாரா பார்ட்மன் என்ற பெண் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டாள். கட்டணம் கொடுத்தவர்களுக்கு அவள் உடல் காட்டப்பட்டது. 1815இல் பாரிஸ் நகரில் இறந்தாள். இறந்தபின்னும் விட்டனரா? அறிவியலின் பேரால் அறுத்தனர். எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் நிறுத்தினர். 1970கள் வரை அந்தக் காட்சி நீடித்தது. அவள் பிறந்த மண்ணில் அவளுக்கு ஆறடி நிலம் கிடைத்தது 2002ஆம் ஆண்டில்!

1906இல், காங்கோவின் ஓட்டா பெங்கா என்ற இளைஞன், நியூயார்க் நகரின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச் சாலையில், குரங்குகளின் கூடத்தில் வைக்கப்பட்டான். கருப்பினப் பாதிரிமார் கொதித்தெழுந்து கண்டித்த பின்னரே வெளியேற்றப்பட்டான். பத்தாண்டு கழித்துத் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். 1958இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து உலகப் பொருட்காட்சியில், வேலிக்குப் பின்னே ஒரு காங்கோ கிராமம். உள்ளே உயிருள்ள மாந்தர்! பார்க்க வந்தோரின் ஏளனம் பொறுக்காமல், பொருட்காட்சி முடியுமுன்னரே அவர்கள் தாயகம் திரும்பினர். இரண்டே ஆண்டில், 1960இல், காங்கோ விடுதலை பெற்றது.

வேலி போயிற்று. வேலிக்கு வெளியே நின்று பார்த்த அந்தப் பார்வை போயிற்றா?

"அது கொடுமை, இது வேறு, மாசாய் மக்கள் தாமே விரும்பி ஆடுகிறார்கள், பணம் பெறுகிறார்கள், கட்டாயம் எங்கே?" என்று நம் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. சங்கிலி இல்லை, சவுக்கு இல்லை. ஆனால், விருப்பம் என்பது வானத்திலிருந்து விழுவதன்று. வாழும் நிலையிலிருந்து முளைப்பது. மாடு மேய்த்து மானத்தோடு வாழ்ந்த இனம், வண்டியில் வருவோர்முன் வரிசையில் நின்று குதித்தாடிக் கூலி பெறும் நிலை எப்படி வந்தது? அதையல்லவா கேட்க வேண்டும்!

செரெங்கெட்டி என்ற பெயரே மாசாய் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. முடிவின்றி விரியும் வெளி என்பது பொருள். பெயர் அவர்களுடையது, நிலம் அவர்களுடையதாக நீடிக்கவில்லை. 1951இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. 1959இல், பிரிட்டிஷ் ஆட்சி அதன் எல்லையை மாற்றி வகுத்தது. மாசாய் மக்கள் செரெங்கெட்டியை விட்டு வெளியேற வேண்டும் என்றது. அருகே கோரோங்கோரோவில், விலங்கும் மனிதரும் கூடி வாழலாம் என்று வாக்களித்தது. பூங்காவில் மனிதருக்கு இடமில்லை என்று வாதாடிய செர்மானிய அறிஞர் கிரிசிமெக், செரெங்கெட்டி சாகக்கூடாது என்ற பெயரில் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. ஆஸ்கார் பரிசும் பெற்றது. செரெங்கெட்டி சாகவில்லை, நன்று. அங்கே வாழ்ந்தோரின் கதி?

1961இல் விடுதலை வந்தது. வெள்ளையர் போயினர், வேலி போகவில்லை. 1974இல் கோரோங்கோரோ எரிமலைவாயின் தரையில் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். 1975இல் அந்தக் காப்பகத்தில் பயிரிடுவதும் தடுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு சூன் திங்களில், அருகிலுள்ள லோலியொண்டோ பகுதியில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை அரசு எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது, மக்கள் எதிர்த்தனர். துப்பாக்கி வெடித்தது, பலர் காயமுற்றனர், காவலர் ஒருவர் உயிரிழந்தார், எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடியவர் பலர். அதே ஆண்டு முதல், கோரோங்கோரோ மக்கள் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ம்சொமேராவில் குடியமர்த்தப்படுகின்றனர். விரும்பியே செல்கின்றனர் என்கிறது அரசு. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆயிரக்கணக்கானோர் சாலையில் திரண்டு நின்று, விரும்பவில்லை என்றனர். அந்தச் சாலைதான், நம் இளைஞரின் வண்டி செல்லவிருக்கும் சாலை!

மேய்ச்சல் நிலம் குறைந்தது, உழவு தடுக்கப்பட்டது, எஞ்சியது உடலும் உடையும் ஆடலும். அவற்றை விலைக்கு வைக்கிறான் மாசாய். கையில் இருந்ததைப் பறித்துவிட்டு, கையேந்துவது உன் விருப்பம் என்று சொல்வது அறமாகுமா?

"விலங்குகள் அழியட்டும் என்கிறீரா?" என்று பதறுவோர் உண்டு. இல்லை. ஆப்பிரிக்காவில் 1970இல் ஏறக்குறைய 65,000 ஆக இருந்த கருங்காண்டாமிருகம், 1990களின் நடுவில் 2,500க்கும் கீழே சரிந்தது. அதைக் காப்பது கடமை. ஆனால், அழித்தது யார்? கொம்புக்கு விலை பேசிய வெளிநாட்டுச் சந்தை! மாசாய் மக்கள் சிங்கத்தை ஈட்டியால் எதிர்கொண்ட மரபினர்தாம். எனினும் மந்தையை நம்பி வாழ்ந்தவர்கள், காட்டு விலங்கின் இறைச்சியை நம்பியவர்களல்லர். அவர்களும் விலங்குகளும் ஒரே புல்வெளியில் வாழ்ந்தமையால்தான், வெள்ளையர் வந்தபோது காப்பதற்கு அங்கே விலங்குகள் இருந்தன! லோலியொண்டோவில் 1992இல் வளைகுடா நாட்டுச் செல்வர்க்கான வேட்டை நிறுவனம் ஒன்றுக்கு உரிமை வழங்கப்பட்டது. மாட்டோடு வருபவன் விலங்குக்குப் பகைவன். துப்பாக்கியோடு வருபவன் விருந்தினன்! இந்த நீதியை என்னென்பது?

இனி, கடற்கரை. அங்கேனும் கவலையின்றிப் படுத்திருக்கலாம் என்று எண்ணுகிறார் நண்பர். சான்சிபாரின் பழைய நகரில் ஒரு பேராலயம் இருக்கிறது. அந்த இடம் முன்பு அடிமைச் சந்தை. கண்டத்தின் உட்பகுதியிலிருந்து நடத்தியே கொணரப்பட்ட ஆணும் பெண்ணும் குழந்தையும் அங்கே ஏலம் விடப்பட்டனர். 1873இல் சந்தை மூடப்பட்டது. 1897இல்தான் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆலயத்தருகே ஒரு குழியில், கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் அடிமைகளின் சிற்பம் இன்று இருக்கிறது.

அந்தக் குழியருகே நிற்கும் இந்தியன், பழியை அரபியர்மீதும் வெள்ளையர்மீதும் போட்டுவிட்டுத் திரும்ப முடியாது. கச்சுப் பகுதியிலிருந்து சென்ற ஜெயராம் சிவ்ஜியின் வணிகக் குடும்பம் சான்சிபாரின் சுங்கக் குத்தகையைப் பல்லாண்டு கையில் வைத்திருந்தது. தந்தத்துக்கும் அடிமைக்கும் உள்நாடு சென்ற கூட்டங்களுக்கு இந்திய வணிகரின் கடன்பணம் துணைநின்றது. வட்டிக்கணக்கு எழுதிய கை நம் நாட்டுக் கை!

அதே கடற்கரையில் இன்று, சிவப்பு மேலாடை அணிந்த மாசாய் இளைஞர் மணிமாலை விற்று நடக்கின்றனர். இரவில் விடுதி வாயிலில் காவல் நிற்கின்றனர். புல்வெளியின் மகனுக்குக் கடலோரத்தில் என்ன வேலை? பட்டியலைப் பாருங்கள்: பழங்குடி, காடு, கடல். மூன்று காட்சிகள் அல்ல. ஒரே கதையின் மூன்று பக்கங்கள்!

பகுத்தறிவாளர்க்கு இங்கே இன்னொரு சோதனையும் உண்டு. "பழமை மாறாத மக்கள்" என்று விளம்பரம் செய்கின்றனர். அதைக் கேட்டு மயங்குகிறோம். நம் வீட்டில் பழமையைச் சாடுகிறோம், சடங்கைச் சாடுகிறோம். கடல் கடந்ததும் பழமையைப் போற்றுகிறோம்! மாசாய் இளைஞன் கைப்பேசியை எடுத்தால் நமக்கு ஏமாற்றம். காற்சட்டை அணிந்தால் வருத்தம். நாம் வளரலாம், அவன் நம் நிழற்படத்துக்காக வளராமல் நிற்க வேண்டுமோ?

அப்படியானால், அவர்களைத் திருத்தப் புறப்படலாமா? அதுவும் தவறு. நாகரிகம் கற்பிக்க வந்தோம் என்று கூறித்தானே வெள்ளையன் கண்டத்தையே விழுங்கினான்! சிறுமியரின் உறுப்பைச் சிதைக்கும் கொடுஞ்சடங்கு அங்கே உண்டு. குழந்தை மணம் உண்டு. மறைக்க மாட்டோம். டான்சானியா 1998இல் சிறுமியர்க்கு அக்கொடுமை இழைப்பதைக் குற்றமாக்கியது. கென்யா 2011இல் முழுமையான தடைச்சட்டம் இயற்றியது. சட்டத்தைவிடப் பெரிது, மாசாய்ப் பெண்களே ஊர் ஊராகச் சென்று அதை எதிர்ப்பது. சீர்திருத்தம் தன்மானத்திலிருந்து பிறக்க வேண்டும். தன்மானத்தைப் பறித்துவிட்டுத் தரும் நாகரிகம் மற்றோர் அடிமைத்தனமே.

எனவே, போகக்கூடாது என்கிறோமா? இல்லை, போக வேண்டும் என்கிறோம். வீட்டுக்குள் அடைந்து கிடப்பவனுக்கு உலகமும் விளங்காது, தன் வீடும் விளங்காது. ஆனால், வேடிக்கை பார்ப்பவனாகப் போகாதே, விருந்தினனாகப் போ. விருந்தினன் வாயிலில் நின்று அனுமதி கேட்பான்; மறுத்தால் முகம் சுளிக்க மாட்டான். நிழற்படம் எடுக்குமுன் கேள். வேண்டாம் என்றால் கருவியை மூடு. கொடுத்த பணம் ஊருக்குப் போகிறதா, வண்டிக்காரரின் பையில் நின்றுவிடுகிறதா என்று விசாரி. கென்யாவின் மாசாய் மாராவைச் சூழ்ந்த பகுதிகளில், மாசாய் குடும்பங்கள் தம் சொந்த நிலத்தை ஒன்றுசேர்த்து விலங்குகளுக்கு விட்டு, குத்தகைப் பணம் பெறுகின்றன. குறையில்லாத முறையன்று, எனினும் அங்கே மாசாய் நிலக்காரன், காட்சிப் பொருளல்லன். அத்தகைய இடத்தைத் தேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, நீ கேள்வி கேட்பதுபோல் அவனும் உன்னைக் கேட்க இடங்கொடு. "உங்கள் நாட்டில் பிறப்பால் தாழ்ந்தவர் உண்டாமே, மெய்யா?" என்று அவன் கேட்டால், தலைகுனியாமல் விடைசொல்ல உன்னால் முடியுமா என்று இப்போதே எண்ணிப் பார்!

திட்டத்தை இளைஞரிடம் திருப்பித் தந்தோம். சிங்கத்தைத் தொடவில்லை, கடலையும் தொடவில்லை. "மாசாய் சிற்றூர், ஒரு மணி நேரம்" என்ற வரியை மட்டும் அடித்திருந்தோம். சற்று நேரம் அதையே பார்த்திருந்தார். பிறகு, அருஷாவில் இரண்டு நாட்கள் கூட்டினார். கடற்கரையில் ஒரு நாளைக் குறைத்து, அடிமைச் சந்தை என்று எழுதினார். அடித்த வரிக்கு மேலே, "மாசாய் மக்கள்: அவர்கள் இசைந்தால்" என்று எழுதினார்.

அந்தக் கடைசிச் சொல்லை எழுதக் கற்றுக்கொண்டவன், எந்த நாட்டுக்கும் போகலாம்.