வீட்ல

குன்னூர் லோகோ ஷெட்டில் முதலில் வந்தது வாசனைதான். சூடான எண்ணெய், ஈர இரும்பு, ஆவி. மேட்டுப்பாளையத்திலிருந்து பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் பல்சக்கரப் பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் ஓடுகிறது. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய சுவிஸ் எஞ்சின்கள் தளர்ந்தபோது பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே கட்டினார்கள். ஒரு தீயை அணையவிடாமல் வைத்திருக்க இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் ஆயாவின் ஞாபகம் வந்துவிட்டது.

விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸ். 1960களில் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை மின்கம்பி வந்துவிட்டது. அதற்குத் தெற்கே கரிப்புகை. தாத்தா பயர்மேன். இரண்டு மணி டூட்டி என்றால் நடுராத்திரியே கால்பாய் நோட்டோடு வந்து கதவைத் தட்டுவானாம். கையெழுத்துப் போட்டவர் தாத்தா. எழுந்து, ஷெட்டோரம் பொறுக்கி வந்த பாதி எரிந்த கரியில் அடுப்பு மூட்டி, சோறு வடித்துக் கட்டியவள் ஆயா. விடிந்தால் கரிச்சட்டை. மூன்று தண்ணீர் மாற்றினாலும் கறுப்பு போகாது என்பாள்.

தாத்தாவுக்கு ஓடிய தூரத்துக்கு மைலேஜ் உண்டு. பயர்மேன் டிரைவராகலாம். 1974 மே வேலைநிறுத்தத்தில் எட்டு மணி நேர வேலை முக்கியமான கோரிக்கை. நியாயமான கோரிக்கை. தாத்தாவும் இருபது நாள் போகவில்லை. அந்த நாட்களில் அரிசிக்குக் கடன் சொல்லித் திரிந்தவள் ஆயா. அவளுடைய எட்டு மணி நேரத்தை யாரும் கேட்கவில்லை, அவளும்தான்.

அன்பினால் செய்தாள் என்கிறார்கள். இருக்கட்டும். தாத்தாவுக்கும் எஞ்சின்மேல் அன்பு இருந்தது. அதைக் காட்டி அவர் சம்பளத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லையே! அன்பு ஓரிடத்தில் கூலிக்கு மேலே வருகிறது, இன்னோரிடத்தில் கூலிக்குப் பதிலாக வருகிறது. இந்தக் கணக்கை எழுதியது யார்? விறகடுப்பையும் பாரம்பரியமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் புகை போனது நல்லதே. போன புகைக்குள் ஒருத்தியின் உழைப்பு இருந்தது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா?

ஷெட்டில் இணைப்புத் தண்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரின் சட்டை முழுக்கக் கறை. “யாருண்ணா துவைக்கிறாங்க?” என்றேன்.

“வீட்லதாம்மா.”

முனைவர் பட்டம் வாங்கிய தமிழ் எனக்கு. அவர் சொன்னது இடத்தையா, ஆளையா என்று யோசித்தபடியே மலை இறங்கினேன்.